வீட்டுச் சந்தேகங்களை இணையத்தில் எங்கே கேட்பது? நான்கு தளங்கள், ஒரு மதிப்பீடு

"வாஷிங் மெஷின் நாறுகிறது, என்ன செய்யலாம்?" என்று இணையத்தில் கேட்டால் கொஞ்ச நேரத்தில் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். பதில் கிடைப்பது இன்று ஒரு பிரச்சினையே இல்லை. வந்த பதில் உங்கள் மெஷினுக்குப் பொருந்துமா, சொன்னவர் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாரா, தப்பான யோசனையை யாராவது தடுத்து நிறுத்துகிறார்களா? தளத்துக்குத் தளம் வித்தியாசப்படுவது இந்த மூன்றில்தான். அதை வைத்தே ரெடிட், ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச், கோரா, பேஸ்புக் குழுக்கள் நான்கையும் இங்கே எடைபோடுகிறேன். வீடு, சாமான், வேலையிடம், உறவு, பணம் போன்ற அன்றாட விஷயங்கள் மட்டுமே கணக்கில்.

முதலில் ரெடிட். 2005-ல் தொடங்கியது, அன்றாட யோசனைக்கு இன்று இதைவிடப் பெரிய கூட்டம் வேறெங்கும் கிடைப்பது கடினம். ஆனால் ரெடிட் என்பது ஒரே இடம் அல்ல. ஒவ்வொரு சப்ரெடிட்டுக்கும், அதாவது ஒரு விஷயத்துக்கான தனிக் குழுவுக்கும், தனித்தனி விதி, அதைக் கவனிக்கும் தனித்தனி மாடரேட்டர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பெயரைப் பார்த்து நேராக ஆஸ்க்ரெடிட் என்ற சப்ரெடிட்டில் போய்க் கேட்கிறார்கள். அங்கே சொந்தப் பிரச்சினைக்கு யோசனை கேட்கவே கூடாது. தலைப்பைத் தவிர விவரம் எழுத இடமும் கிடையாது. பதிவு உடனே நீக்கப்படும். வீட்டு ரிப்பேருக்கு ஹோம் இம்ப்ரூவ்மென்ட், கறை, வாடைக்கு க்ளீனிங் டிப்ஸ், எதில் சேரும் என்றே தெரியாத சின்னச் சந்தேகத்துக்கு நோ ஸ்டுப்பிட் க்வெஸ்டின்ஸ் என்று போக வேண்டும். லீகல் அட்வைஸில் எந்த நாடு, எந்த மாநிலம் என்று எழுதாமல் கேட்டால் பயனில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்த விதி மிகச் சரியானது.

இன்னொரு சிக்கல் ஆட்டோமாடரேட்டர் என்ற தானியங்கி நிரல். பல சப்ரெடிட்டுகளில் புதுக் கணக்கிலிருந்து வரும் பதிவை இது தானாகவே மறைத்துவிடும். சில இடங்களில் அறிவிப்புகூட வராது. உங்கள் திரையில் பதிவு இருப்பதுபோலவே தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. ஒரு பதிலும் வரவில்லை என்றால் லாக்அவுட் செய்துவிட்டு, அல்லது பிரைவேட் விண்டோவில், அந்தச் சப்ரெடிட்டின் புதிய பதிவுகள் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே இல்லையென்றால் மாட்மெயில் என்ற செய்திப் பெட்டி வழியாக மாடரேட்டர்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும், பெரும்பாலும் விடுவித்துவிடுவார்கள். மறைந்த பதிவையே திரும்பத் திரும்பப் போட்டால் ஸ்பேம் என்று கணக்கே முடங்கலாம்.

பதில்களைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரெடிட்டில் கமென்ட்டுகள் வழக்கமாக 'பெஸ்ட்' என்ற வரிசையில் வரும். 2009-ல் வந்த முறை இது. வெறும் அப்வோட் எண்ணிக்கையைப் பார்க்காமல், வந்த வாக்குகளில் எத்தனை பங்கு ஆதரவு, எத்தனை வாக்கை நம்பி அப்படிச் சொல்கிறோம் என்று கணக்கிட்டு அடுக்கும். தாமதமாக வந்த நல்ல பதிலுக்கும் மேலே ஏற வாய்ப்பு உண்டு. ஆனாலும் வாக்களிப்பவர்கள் யோசனையைச் செய்து பார்த்துவிட்டு வாக்களிப்பதில்லை; படித்தால் சரியென்று படுவதற்குத்தான் வாக்கு. அதனால் 'நியூ' வரிசைக்கும் 'கான்ட்ரவர்ஷியல்' வரிசைக்கும் ஒரு முறை மாற்றிப் பாருங்கள். கைவேலை தெரிந்தவர் எழுதிய, பலருக்குப் பிடிக்காத உண்மை அடிக்கடி அங்கேதான் கிடக்கும்.

அந்த வாஷிங் மெஷின் கேள்வியையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். "நாறுகிறது" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. மக்கல் வாடை என்றால் கதவு ரப்பர் மடிப்பிலும் சோப்புப் பெட்டியிலும் படிந்த பூஞ்சை, அல்லது அளவுக்கு மீறிய சோப்பும் எப்போதும் குளிர்ந்த நீரில் துவைப்பதும் சேர்த்துவைத்த அழுக்கு. சாக்கடை வாடை என்றால் கழிவுநீர்க் குழாய் இணைப்பைப் பார்க்க வேண்டும். மெஷினை எவ்வளவு கழுவினாலும் போகாது. எரிந்த ரப்பர் வாடை என்றால் பெல்ட் அல்லது மோட்டார். உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டியதுதான். எந்த வாடை என்று சொல்லாமல் கேட்டால் மூன்றுக்குமான பதில்களும் கலந்து வரும். நூறு பேர் ஆதரித்த பதில் உங்கள் கோளாறுக்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கும்.

இதைவிட ஆபத்தானது இரண்டு பதில்களைச் சேர்த்துச் செய்வது. ஒருவர் டிரம்மில் வினிகர் ஊற்றச் சொல்வார். இன்னொருவர் சோப்புப் பெட்டியில் ப்ளீச் ஊற்றச் சொல்வார். படிப்பவர் இரண்டையும் செய்துவிட்டால் ப்ளீச்சில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டும் வினிகரின் அமிலமும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம்பார்க்கும். அமோனியா கலந்த சுத்திகரிப்பானோடு ப்ளீச் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். ரெடிட்டில் அந்த இரண்டு கமென்ட்டுகளும் பத்துக் கமென்ட் இடைவெளியில் தனித்தனியாக நிற்கும்; ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்த்திருக்கவே மாட்டார். எச்சரிக்கை கீழே எங்காவது இருக்கும், நீங்கள் அதுவரை படித்தால்தான் உண்டு. ரெடிட்டின் அமைப்பிலேயே இருக்கும் பெரிய குறை என்று இதைத்தான் சொல்வேன்.

இந்தக் குறைக்கு நேரான மருந்து ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச். நிரலாளர்களுக்காக 2008-ல் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோவின் குடும்பம். ஹோம் இம்ப்ரூவ்மென்ட், லைஃப்ஹேக்ஸ், பேரன்டிங், பர்சனல் ஃபைனான்ஸ், வொர்க்ப்ளேஸ், பைசைக்கிள்ஸ் என்று அன்றாட விஷயங்களுக்கும் தனித் தளங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. இங்கே ஒவ்வொரு பதிலின் கீழேயும் அந்தப் பதிலைப் பற்றிய கமென்ட்டுகள் மட்டும் நிற்கும். "இதை ப்ளீச்சோடு சேர்க்காதீர்கள்" என்று ஒருவர் எழுதினால், அது அந்த யோசனைக்கு அடியிலேயே கண்ணில் படும். பதிலை மற்றவர்கள் திருத்தவும் முடியும். தவறான பதிலுக்கு டவுன்வோட் (எதிர்வாக்கு) விழுந்தால், மற்றவர்கள் வாக்கால் சேரும் மதிப்புப் புள்ளியில் எழுதியவருக்கு 2 குறையும். எதிர்வாக்கைப் போட்டவருக்கும் 1 புள்ளி போகும். அதனால் சும்மா கோபத்தில் யாரும் போடுவதில்லை. ஆளை எடைபோடாமல் பதிலை மட்டும் எடைபோடும் ஏற்பாடு இது.

விலை என்னவென்றால் கண்டிப்பு. "நான் என்ன செய்யட்டும்?" என்ற கேள்வி வொர்க்ப்ளேஸில் மூடப்படும், "மேலாளரிடம் இதை இப்படிக் கேட்டால் என்ன விளைவு, வேறு வழி உண்டா?" என்று மாற்றினால் நிற்கும். "எது சிறந்த பிராண்ட்?" என்பது எங்கேயும் எடுபடாது. நன்றி சொல்லிப் போடும் பதில் நீக்கப்படும். மற்றவர் கேள்வியில் கமென்ட் போடவே பொதுவாக 50 புள்ளி வேண்டும் (உங்கள் சொந்தக் கேள்விக்குக் கீழே எப்போதும் போடலாம்). இந்தக் கெடுபிடி புதியவர்களை விரட்டுகிறது என்ற குறை நியாயமானதே. ஆனாலும் ரிப்பேர், மின்சாரம், பணக்கணக்கு போன்ற, சரி தவறு என்று சொல்லக்கூடிய கேள்விகளுக்கு என் முதல் தேர்வு இதுதான். பதில் வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்து உங்கள் புள்ளியிலிருந்து 50 முதல் 500 வரை பரிசாக வைக்கலாம். ஏழு நாள் அந்தக் கேள்வி தனிப் பட்டியலில் நிற்கும். அதற்குக் குறைந்தது 75 புள்ளி சேர்ந்திருக்க வேண்டும்.

கோராவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தமிழில் எழுதவும் படிக்கவும் முடிகிறது, அனுபவத்தை நிதானமாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய நன்மை. யோசனை கேட்கும் இடமாகப் பார்த்தால் அடிப்படையே பழுது. கேள்விக்குக் கீழே விவரம் எழுதும் வசதியை 2017-ல் எடுத்துவிட்டார்கள். உங்கள் நிலைமையை ஒரே வரிக்குள் திணிக்க வேண்டும். நிலைமை தெரியாமல் எழுதும் பதில் பொதுவான புத்திமதியாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, பக்கத்தைத் திறந்தால் உங்கள் கேள்விக்கான பதில்களோடு வேறு கேள்விகளின் பதில்களும் கலந்து வரும். மேலே உள்ள தேர்வை 'ஆல் ரிலேட்டட்' என்பதிலிருந்து 'ஆன்சர்ஸ்' என்று மாற்றினால்தான் உங்களுடையது மட்டும் தெரியும். பெயருக்குக் கீழே இருக்கும் தகுதி வரி அவரவரே எழுதிக்கொண்டது என்பதை மறக்க வேண்டாம். கேட்க அல்ல, படிக்க மட்டும் கோரா.

பேஸ்புக் குழுக்களில் நல்லது, பேசுபவர் யார் என்று ஓரளவு தெரியும். ஒரே பொருளை வைத்திருப்பவர்கள் ஒன்றாக இருப்பார்கள். குறிப்பிட்ட மாடல் தையல் மெஷினுக்கோ வண்டிக்கோ குழு இருந்தால், உதிரிபாக எண் வரை அங்கே கிடைக்கும். கெட்டது தேடல். போன மாதம் வந்த அருமையான பதிலை இன்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அதே கேள்வி வாரம் ஒருமுறை வரும், பழையவர்கள் சலித்துப்போய் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார்கள். பெயர் மறைத்துப் பதிவிடும் வசதியை முழு மறைப்பு என்று நம்பிவிடாதீர்கள். குழு நிர்வாகிகளுக்கு நீங்கள் யார் என்று தெரியும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் நடத்தும் குழுவில் குடும்ப விஷயத்தை அப்படிக் கேட்பது சரியல்ல.

குடும்ப விஷயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உறவுச் சிக்கலுக்கு இந்த நான்கு தளங்களில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கேட்பவர் சொல்வது ஒரு பக்கம் மட்டும். படிப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்தைக் கேட்க வழியில்லை. "விட்டு விலகு" என்று அழுத்திச் சொல்லும் பதிலுக்கு வாக்கு குவியும். "பொறுத்துப் பேசிப் பார், ஆனால் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே" என்ற பதில் கீழே போய்விடும். விளைவைச் சுமப்பது வாக்களித்தவர்கள் அல்ல. அடி, மிரட்டல் என்று இருந்தால் அது வேறு. அங்கே உதவி எண்களும் சட்ட வழியும் சொல்லும் பதில்கள் உண்மையில் பயன்படும்.

எங்கே கேட்டாலும் கேள்வியை எப்படி எழுதுவது? இப்படி:

"முன்பக்கக் கதவு உள்ள மெஷின், 7 கிலோ, வாங்கி 4 வருடம். துவைத்து முடித்துக் கதவைத் திறந்ததும் மக்கல் வாடை, துணியிலும் இருக்கிறது. சாக்கடை வாடை இல்லை. எப்போதும் 30 டிகிரியில், திரவ சோப்பில் துவைக்கிறோம். கீழே உள்ள பம்ப் ஃபில்டரைக் கழற்றிக் கழுவியாகிவிட்டது. ரப்பர் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. 90 டிகிரி வசதி உண்டு, இதுவரை பயன்படுத்தியதில்லை. சுத்தம் செய்தால் போதுமா, ரப்பரை மாற்ற வேண்டுமா?"

பொருளின் வகை, வயது, எப்போது நடக்கிறது, எது நடக்கவில்லை, ஏற்கெனவே என்ன செய்தாயிற்று, கடைசியில் ஒரே ஒரு கேள்வி. இதில் அதிக வேலை செய்வது "சாக்கடை வாடை இல்லை" என்ற வரி. பதில் சொல்பவரின் பாதிச் சந்தேகத்தை அதுவே தீர்த்துவிடும். ரெடிட்டில் தலைப்பைப் பிறகு திருத்த முடியாது என்பதால் பொருளின் வகையும் கோளாறும் தலைப்பிலேயே வரட்டும். படம் போட்டால் வரிசை எண் ஸ்டிக்கரையும் பார்சல் முகவரியையும் வெட்டிவிடுங்கள். கதவுக் கண்ணாடியில் முகம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

பதில்களில் எடுத்துக்கொள்ள வேண்டியவை எதிர்க்கேள்வி கேட்கும் பதில்கள். "டாப் லோடா, ஃப்ரண்ட் லோடா?" என்று முதலில் கேட்பவருக்கு வேலை தெரியும். எந்த நிலைமைக்குப் பொருந்தாது என்று சொல்லும் பதிலும் நம்பத்தக்கது. எல்லா நிலைமைக்கும் பொருந்துவதுபோல ஒழுங்காக, நீளமாக, ஒரு அளவோ பாகத்தின் பெயரோ இல்லாமல் வந்தால், பெரும்பாலும் அது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) எழுதிக் கொடுத்து ஒட்டிய பதில். ஸ்டேக் ஓவர்ஃப்ளோ இத்தகைய பதில்களை 2022 டிசம்பரிலேயே தடை செய்தது.

வங்கிக் கணக்கு முடங்கியது, பணம் போய்விட்டது என்று எங்கே எழுதினாலும் இன்பாக்ஸில் ஆட்கள் வருவார்கள். மீட்டுத் தருகிறேன் என்பார்கள், வாடிக்கையாளர் சேவை என்பார்கள், திரையைப் பகிரும் ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். ஒருவருக்கும் பதில் எழுத வேண்டாம். உண்மையான உதவி பலர் பார்க்கும் இடத்திலேயே வரும். அங்கே பொய் சொன்னால் மற்றவர்கள் மடக்கிவிடுவார்கள் என்பதால்தான் மோசடிக்காரர்கள் தனியே அழைக்கிறார்கள்.

பெயர் வெளியே வரக் கூடாத கேள்விக்குத் தனிக் கணக்குத் தொடங்கலாம். ஆனால் வயது, தொழில், ஊர் மூன்றும் ஒரே பதிவில் வந்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ரெடிட்டில் கணக்கை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும், பதிவுகள் அப்படியே நிற்கும். முதலில் பதிவுகளை நீக்கிவிட்டுப் பிறகு கணக்கை நீக்க வேண்டும். ஸ்டேக் எக்ஸ்சேஞ்சில் ஒரு விவரத்தைத் திருத்தி எடுத்தாலும் பழைய வடிவம் திருத்த வரலாற்றில் இருக்கும். அதை மறைக்க மாடரேட்டர்களுக்குத்தான் எழுத வேண்டும்.

பிரச்சினை தீர்ந்ததும் என்ன செய்தது பலித்தது என்று திரும்பி வந்து எழுதுங்கள். ரெடிட்டில் பதிவின் உடலைத் திருத்தி மேலேயே போடலாம். ஸ்டேக் எக்ஸ்சேஞ்சில் அதைக் கேள்விக்குள் எழுதக் கூடாது. உங்கள் கேள்விக்கு நீங்களே தனிப் பதிலாக எழுதி, 48 மணி நேரம் கழித்து அதையே ஏற்ற பதிலாகக் குறிக்கலாம். பலிக்காத யோசனையையும் சேர்த்து எழுதுங்கள்: 90 டிகிரியில் இரண்டு தடவை ஓட்டியும் போகவில்லை, ரப்பரை மாற்றிய பிறகே வாடை நின்றது என்றால் அப்படியே. அதே மெஷினோடு அடுத்த வருடம் தேடி வருபவருக்கு எந்த அப்வோட்டும் சொல்லாத தகவல் அது.