சாயம் போகுமா? கால்சியம் சாயங்களோடு நாலு வருஷம்

ஆராய்ச்சிக்காகக் காரைக்குடி வந்த புதிதில் வீட்டுக்கார ஆச்சி என் வேலையைப் பற்றி விசாரித்தார்கள். உயிரோடு இருக்கிற செல்லுக்குள்ளே சாயம் ஏற்றி, கால்சியம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன் என்றேன். கண்டாங்கி வாங்கப் போன மாதிரி ஒரே கேள்வி: "சாயம் போகுமா தம்பி?"

போகும் ஆச்சி. ரெண்டு வழியில் போகும்.

நான் தொடங்கியது ஃபுளூவோ-4 ஏ.எம். என்ற சாயத்தில். அந்த 'ஏ.எம்.' வால் இருப்பதால் சவ்வைத் தாண்டி உள்ளே நுழையும். செல்லின் எஸ்டரேஸ் என்சைம்கள் வாலை நறுக்கியதும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கால்சியம் ஒட்டினால் பச்சையாக ஒளிரும். சும்மா இருக்கும் செல்லில் கால்சியம் 100 நானோமோலார் அளவுதான்; தூண்டினால் பளிச்சென்று தெரியும். புதியவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் நீல ஒளியை விடாமல் அடித்தால் வெளுக்கும். தவிர, செல்லே சாயத்தை மெல்ல வெளியே தள்ளிவிடும். கவுட் நோய்க்குக் கொடுக்கும் புரோபெனிசிட்டைச் சேர்த்தால் அது கொஞ்சம் அடங்கும்.

என்னை அதிகம் படுத்தியது செய்முறைத் தாளில் இருந்த 'அறை வெப்பநிலை'. எந்த ஊர் அறை? சித்திரையில் கரண்ட் போய் ஏசி நின்றால் எங்கள் லேப் 35 டிகிரி. அந்தச் சூட்டில் சாயம் சைட்டோபிளாசத்தோடு நிற்காமல் மைட்டோகாண்ட்ரியா வரை புகுந்து, படமெல்லாம் புள்ளி புள்ளியாக வரும். முதல் வருஷம் அந்தப் புள்ளிகளைக் கண்டுபிடிப்பு என்று நம்பி நோட்டில் வரைந்து வைத்தேன். ஆச்சி வீட்டு வளவில் சில்லென்ற ஆத்தங்குடிக் கல்லில் உட்காரும்போதெல்லாம், மைக்ரோஸ்கோப்பை இங்கேயே தூக்கி வந்துவிடலாமா என்று தோன்றும்.

அப்புறம் ஃபியூரா-2. 1985-இல் ரோஜர் சியென் குழு வெளியிட்டது. பழசு, ஆனால் நாணயமானது. 340, 380 நானோமீட்டர் ஒளியை மாற்றி மாற்றி அடித்து விகிதம் எடுப்பதால், சாயம் ஒரு செல்லில் கூட, இன்னொன்றில் குறைய ஏறியிருந்தாலும் கணக்கு கெடாது. இங்கேயும் சூடு விடவில்லை. இதன் பிணைப்பு மாறிலி, அதாவது பாதிச் சாயத்தில் கால்சியம் ஒட்டியிருக்கும் அளவு, 20 டிகிரியில் 135 நானோமோலார், 37 டிகிரியில் 224. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டு ஒரு மாதக் கணக்கைத் திரும்பச் செய்திருக்கிறேன்.

பெரிய அடி மூன்றாம் வருஷம். கால்சியம் ஏறுகிறது என்று கைடிடம் காட்டிவிட்டேன். "டி.பி.இ.என். போட்டுப் பார்த்தீங்களா?" என்றார். துத்தநாகத்தைக் கவ்வி எடுக்கும், கால்சியத்தை அவ்வளவாகத் தொடாத பொருள் அது. போட்டதும் கோடு மளமளவென்று சரிந்தது. நான் பார்த்தது துத்தநாகம்! ஃபியூரா-2 அதையும் இறுக்கிப் பிடிக்கும். அன்றிலிருந்து துத்தநாகத்துக்கு ஃபுளூவோசின்-3 தனியாக வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஜி-கேம்ப்-6. மரபணுவைச் செலுத்தினால் செல்லே உணரிப் புரதத்தைச் செய்துகொள்ளும். கசிவு இல்லை, ஏற்றும் வேலையும் இல்லை. ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும், அமிலத்தன்மை மாறினால் ஒளியும் மாறும். நீண்ட நேரப் படத்துக்கு இதுதான். அவசர வேலைக்கு இன்னும் ஃபுளூவோ-4. ஈரம் பட்டால் கெடும் என்பதால், கரைத்த அன்றே 5 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்துவிடுகிறேன்.