சிக்னல் பிஸ்டலும் அதன் கீலும்: ஒன்பது வருட அனுபவம்

விடுப்பில் குமரிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் நீரோடிக்கு வந்த மறுநாளே அக்காள் மகன் வந்து நின்றான். அவனும் இன்னும் மூன்று பேரும் பங்கு போட்டுத் தூண்டில் மீன்பிடிப் படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கேரளாவில் முனம்பத்தில் கட்டி நிற்கிறது, தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போகும்.

"மாமா, உங்க கப்பல்ல ஒரு பிஸ்டல் உண்டுல்லா, வெளிச்சம் விடுகது? அது மாதிரி ஒண்ணு நம்ம போட்டுக்குக் கிடைக்குமா? ராக்கெட்டுன்னா ஒரு தடவ விட்டா தீந்துச்சு. இதுன்னா தோட்டா மட்டும் மாத்துனா போதும்லா?"

கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கப்பலை விட்டு இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்தப் பிஸ்டலைக் கழற்றிச் சரி செய்துவிட்டு வந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை, அதன் மேல் இருக்கிற பிரியமும் குறையவில்லை. ஒன்பது வருடம் அது என் பொறுப்பில் இருந்தது. இழுவைக் கப்பலில் இரண்டாவது மேட் என்ற அதிகாரிக்குத்தான் இந்த வேலை: ஆபத்தில் வெளிச்சம் காட்டும் ராக்கெட், கையில் பிடித்து எரிக்கும் கை ஃப்ளேர், புகை டப்பா எல்லாவற்றின் தேதியையும் பார்ப்பது, அதோடு கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் பூட்டி வைத்திருக்கும் இந்தப் பிஸ்டலையும் பார்ப்பது.

சாமான் எளிமையானது. 26.5 மில்லிமீட்டர் குழல், உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிவெட்டு எதுவும் கிடையாது. தாழை அழுத்தினால் நாட்டு வேட்டைத் துப்பாக்கி மாதிரி குழல் முன்னால் மடியும். தோட்டாவைப் போட்டு மூடி, கட்டைவிரலால் ஹேமரைப் பின்னால் இழுத்து, கையை உயர்த்தி ட்ரிகரை அழுத்தினால் எரியும் வெளிச்ச உருண்டை மேலே போகும், அதைத்தான் நட்சத்திரம் என்போம். அமெரிக்கக் கடற்படையில் இருந்த எட்வர்ட் வெரி 1877-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அவர் பெயரால்தான் பழைய கப்பல்காரர்கள் இன்னும் 'வெரி பிஸ்டல்' என்கிறார்கள். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் கனத்த எஃகு தேவைப்படாது. ஜெர்மனியின் வால்தர் 1934-இல் அலுமினியக் கலவையில் செய்தது, போர்க்காலத்தில் தகட்டை அச்சில் அடித்தே 42-ஆம் மாடலைச் செய்தது. இரண்டும் வேலை செய்தன. எங்களுடையதும் அலுமினியம்தான், கையில் எடுத்தால் பாரமே தெரியாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பெட்டியில் இருந்த தோட்டாக்களின் அடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாலே நிறம் தெரியும். சிவப்புக்குச் சுற்றிலும் பல்வெட்டு, வெள்ளைக்குப் பாதி வட்டம் வரை மட்டும், பச்சைக்கு வழவழவென்று வெறும் விளிம்பு. இரவில் பிரிட்ஜில் விளக்கு போட மாட்டோம், போட்டால் வெளியே இருட்டில் ஒன்றும் தெரியாது. அந்த இருட்டில் பெட்டிக்குள் கையை விட்டு, கண்ணை அலையிலிருந்து எடுக்காமலே வேண்டியதை எடுக்கலாம். யாரோ ஒருவர் இருட்டில் நனைந்த கையோடு நின்று பார்த்த பிறகுதான் இதை யோசித்திருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தச் சாமானை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது, அது கைக்குப் பழகும். ராக்கெட்டை ஒத்திகை பார்க்க முடியாது, விட்டால் போயிற்று. மூடியைத் திருகுவதா, கயிற்றை இழுப்பதா, நெம்பை அமுக்குவதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மேலே எழுதியிருப்பதை நெருக்கடியில் யார் படிக்கப் போகிறார்கள்? பிஸ்டலை வெறுங்குழலோடு நூறு தடவை மடித்து மூடலாம். புதிதாக வரும் பையன்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். தோட்டா பிடிக்காவிட்டால்கூட, குழலை கடல் பக்கமே வைத்துக்கொண்டு ஹேமரை இன்னொரு முறை இழுத்து அடித்துப் பார்க்கலாம். ராக்கெட்டில் அதற்கு வழியில்லை.

அப்புறம் கீல்.

மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம், கொல்லத்துக்கு மேற்கே போய்க்கொண்டிருந்தோம். கேரளாவில் ட்ராலிங் தடைக்காலம், பெரிய போட்டுகள் கரையில். வள்ளங்கள் மட்டும்தான் கடலில். மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம். இடது பக்கம் தூரத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் எரிந்து அணைந்தது, மறுபடியும் எரிந்தது. துணியில் மண்ணெண்ணெயை நனைத்துக் கொளுத்திக் காட்டுகிறார்கள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அதுவும் முறையான ஆபத்துச் சைகைதான், படகில் நெருப்பு எரித்துக் காட்டுவது சர்வதேச விதியிலேயே இருக்கிறது.

அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு வழி உண்டு. வெள்ளை நட்சத்திரம், ஏறக்குறைய ஒரு நிமிட இடைவெளியில் மூன்று. 'உங்களைப் பார்த்துவிட்டோம், உதவி வருகிறது' என்று அர்த்தம். கேப்டன் "வெள்ளை மூன்று விடு" என்றார். பெட்டிக்குள் கையை விட்டேன், பாதி வெட்டு விரலில் பட்டது. எடுத்துப் போட்டேன், முதல் நட்சத்திரம் அழகாகப் போனது. மேகம் ரொம்பத் தாழ்ந்திருந்தது. 300 மீட்டர் ஏறும் ராக்கெட்டை நேரே விட்டிருந்தால் மேகத்துக்குள் போய் மறைந்திருக்கும், சாய்த்துத்தான் விட வேண்டும். பிஸ்டல் நட்சத்திரம் அவ்வளவு ஏறாது என்பதால் மேகத்துக்குக் கீழேயே நின்று எரிந்தது. அந்த வள்ளத்தில் இருந்த ஐந்து தலைகளையும் அந்த வெளிச்சத்தில் நான் எண்ணிய மாதிரியே ஒரு ஞாபகம். அவ்வளவு தூரத்தில் அது முடியாது என்று தெரியும், ஆனாலும் அப்படித்தான் மனதில் நிற்கிறது.

தாழை அழுத்திக் குழலை மடித்தேன். முக்கால்வாசி மடிந்து நின்றுவிட்டது.

இங்கேதான் அந்தச் சாமானின் அமைப்பைச் சொல்ல வேண்டும். சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே தள்ளுவது எக்ஸ்ட்ராக்டர் என்ற சின்னத் துண்டு. அதற்கென்று தனி ஸ்ப்ரிங் கிடையாது. குழல் மடியும்போது கீல் பக்கம் இருக்கும் மேடு அதைத் தள்ளும், அது கூட்டின் விளிம்பைப் பிடித்து ஒரு விரல் அகலத்துக்கு வெளியே கொண்டுவரும். மீதியை நாம் கையால் உருவ வேண்டும். அந்தத் தள்ளல் முழுக்கக் குழல் மடிவதன் கடைசிக் கால்பங்கில்தான் நடக்கிறது. குழல் அங்கே போகாவிட்டால் எக்ஸ்ட்ராக்டர் அசையவே அசையாது. சுட்ட கூடு உள்ளே உப்பி உட்கார்ந்திருக்கும், விளிம்பு குழலோடு சமமாக இருக்கும், நகம் வைக்கக்கூட இடம் இருக்காது. நனைந்த விரலுக்கு அது வெறும் வழுக்கல்.

கத்தி முனையால் நெம்பினேன். கையில் கிழித்துக்கொண்டேன். முழங்காலில் வைத்து அழுத்திக் குழலை இறக்கினேன். இரண்டாவது நட்சத்திரம் போவதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது, அவர்களைப் பத்திரமாகவே ஏற்றினோம். அதிலே வயதானவர் சூடாகக் கட்டன் சாயா குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒண்ணு கண்டோம். பெறவு ஒண்ணயும் காணல. போயிட்டுன்னு நெனச்சோம்." மிச்சம் இருந்த மண்ணெண்ணெயை எல்லாம் அப்போதுதான் கொட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வார்த்தை இன்னும் போகவில்லை. எங்கள் கரையில் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து போன பிறகு, காத்துக்கொண்டு கிடந்தவர்கள் கதை கேட்காத வீடு கிடையாது. பார்த்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொள்வது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவர்களுக்குத் தெரியும்.

குழல் ஏன் மடியவில்லை? அலுமினியச் சட்டத்தில் எஃகு ஆணி. இரண்டும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும். அரித்தது வெள்ளைப் பொடியாக மாறி உப்பும், உப்பினால் ஆணியை இறுகப் பிடிக்கும். இது கப்பலில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரிந்த சங்கதி, ஜன்னல் சட்டத்திலும் கைப்பிடிக் கம்பியிலும் தினமும் பார்க்கிறோம். கடலுக்கென்றே ஒரு பொருளைச் செய்தவர்களுக்கு இது தெரியாதா? அந்த ஆணிக்கு எண்ணெய் விட ஒரு துளை வைக்கவில்லை. இரண்டு முனையையும் அடித்துத் தட்டையாக்கி, கழற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். வெளியே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே ஒரு சொட்டு போகாது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் நான் வெந்நீர் விட்டுத்தான் கழுவுவேன். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் மட்டும் துடைத்தால் போகாது, வெந்நீரில்தான் கரையும். குழல் கண்ணாடி மாதிரி இருக்கும். கீல் மட்டும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும்.

மூன்று வருடமாக மேலோட்டமாக ஒப்பேற்றினேன். இந்த முறை பொறுக்கவில்லை. எங்கள் ஃபிட்டர் தேவைப்பட்டதை மட்டும் செய்தார்: முனையை அராவினார், துளையாணி வைத்து மூன்று தட்டு தட்டினார். ஆணி வெளியே வந்தபோது அதன் நடுப்பகுதி முழுக்கச் சுண்ணாம்பு அப்பிய மாதிரி இருந்தது. துளையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதே அளவில் புதிய ஆணி கடைந்து, இரண்டு முனையிலும் கிளிப் மாட்டக் காடி வெட்டி, தண்ணீர் புகாத கிரீஸைத் தடவிப் பூட்டினார். இனி கிளிப்பை எடுத்தால் ஆணி கையோடு வரும். குழல் இப்போது தன் பாரத்திலேயே மடிகிறது. எக்ஸ்ட்ராக்டர் கடைசி வரை வருகிறது. அரை நாள் வேலை. இதைச் செய்தவன் அன்றே செய்திருக்கலாம்.

சரி, மருமகனின் கேள்விக்கு வருகிறேன். அவனிடம் சொன்னது இதுதான்: வேண்டாம்.

பிஸ்டல் நட்சத்திரம் ஆறேழு நொடி எரியும். அந்த நேரத்தில் எதிரே வரும் கப்பலில் வாட்ச், அதாவது காவல் முறை, நிற்பவன் தேநீர் கப்பை எடுக்கக் குனிந்திருந்தால் போச்சு. பாரசூட் ராக்கெட் 300 மீட்டர் ஏறி, 40 நொடிக்குக் குறையாமல் எரிந்துகொண்டே நொடிக்கு 5 மீட்டருக்கு மிகாத வேகத்தில் மெல்ல இறங்கும். கடல் விதியே அப்படி. உயரம்தான் தூரம்: 100 மீட்டர் உயரத்து வெளிச்சம் கடல் மட்டத்தில் இருப்பவனுக்கு 36 கிலோமீட்டர் வரை தொடுவானத்துக்கு மேலே நிற்கும், 300 மீட்டர் என்றால் 62 வரை. மழையும் மூட்டமும் அதைப் பாதியாகக் குறைத்தாலும் கணக்கு ராக்கெட் பக்கம்தான். பக்கத்தில் வந்த கப்பலுக்கு இடம் காட்ட ஒரு நிமிடம் எரியும் கை ஃப்ளேர் போதும். நனைந்தாலும் எரியும். பிஸ்டல் என்றால் கரையில் ஆயிரம் கேள்வி. எங்கள் கப்பலிலேயே சில துறைமுகங்களில் சுங்கத்துக்கு அதைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முக்கியமாக, செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் இஸ்ரோவின் டாட் கருவியை வாங்கிப் போட்டில் மாட்டச் சொன்னேன். அதன் இரண்டாம் தலைமுறையில், அனுப்பிய ஆபத்துச் செய்தி கிடைத்துவிட்டது என்று கடலில் இருப்பவனுக்கே திரும்பப் பதில் வரும். அந்தப் பதில்தான் பெரிது என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வந்தபோது அக்காள் "போதும், அவனுக்கு விளங்கிட்டு" என்றாள்.

"அப்ப உங்க பிஸ்டல் உதவாதுன்னுதான சொல்லுகிய?" என்று கேட்டான்.

இல்லை. போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: விதிப்படி பிஸ்டல் கட்டாயம் இல்லை, அடுத்த முறை கரையில் இறக்கிவிடலாமா என்று. வேண்டாம், கப்பலிலேயே இருக்கட்டும் என்று நான்தான் பதில் எழுதினேன், கேப்டனும் கையெழுத்துப் போட்டார். ராக்கெட்டும் கை ஃப்ளேரும் நம்மைப் பார் என்று கத்துவதற்கு. வெள்ளையில் மூன்று எண்ணிப் பதில் சொல்ல எங்களிடம் வேறொன்றும் இல்லை.

எனக்குப் பதிலாக ஏறியவருக்கு எழுதிய குறிப்பில் இது இருக்கிறது: மாதம் ஒரு முறை கிளிப்பைக் கழற்றி ஆணிக்குக் கிரீஸ். சுட்டால் அன்றே வெந்நீர். வெறுங்குழலைக் கடைசி வரை மடித்து, எக்ஸ்ட்ராக்டர் வெளியே வருகிறதா என்று ஒவ்வொரு வாட்ச் மாறும்போதும் பார்க்கவும். வெள்ளைத் தோட்டாக்கள் பெட்டியின் இடது மூலையில்.