பாய்லரையே மாற்றச் சொன்னார்கள், இவர் காற்றடித்துச் சரிசெய்தார்

லண்டனில் ஹாரோ பக்கம் இருப்பவர்கள் வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைப் புதிதாக வாங்கப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஹீட்டிங் மெக்கானிக்கை ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். ஜனவரிக் குளிர், வீட்டில் எட்டு மாதக் குழந்தை, ஹீட்டிங் வரவில்லை. தெர்மோஸ்டாட்டில் பேட்டரி மாற்றியும் பயனில்லை. பாய்லரின் பிரஷர் முள் 0.3 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கிடந்தது, ஆறியிருக்கும்போது 1-லிருந்து 1.5 வரை இருக்க வேண்டும். அடியில் உள்ள, தண்ணீர் ஏற்றுவதற்கான ஃபில்லிங் லூப் குழாயைத் திறந்து 1.3 வரை தண்ணீர் ஏற்றி ரீசெட்டை அழுத்தினால் உடனே பற்றிக்கொள்ளும், ரேடியேட்டர் சூடாகச் சூடாக முள் 3-ஐத் தொடும், விடிந்து பார்த்தால் மறுபடியும் கீழே. நான்கு நாள் இதே பாடு.

முதலில் வேறொரு கம்பெனியிலிருந்து வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஏழு வருஷ பாய்லர், புதிதாகப் போட்டுவிடுங்கள் என்று 2,600 பவுண்டு சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எங்களுக்குத் தூக்கமே இல்லை.

இவர் போனிலேயே கேட்ட முதல் கேள்வி, "சூடாகும்போது முள் எதுவரை ஏறுகிறது?" வந்ததும் நேராக வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயைத் தடவிப் பார்த்தார், ஈரம். சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கிற எக்ஸ்பான்ஷன் வெசலில் காற்று போய்விட்டதால் பிரஷர் எகிறி, சேஃப்டி வால்வு 3 பாரில் திறந்து தண்ணீரை அந்தக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது, ஆறியதும் பிரஷர் விழுகிறது என்று பொறுமையாக விளக்கினார். சைக்கிள் டியூபில் இருப்பது போலவே அதிலும் ஒரு வால்வு. பேனா முனையால் அழுத்திக் காட்டினார், காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. தண்ணீர் வந்திருந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கும், வெசலை மாற்ற வேண்டியதுதான் என்றார். பாய்லர் தண்ணீரை வடித்துவிட்டுக் கால் பம்பால் காற்றடித்தார். சேஃப்டி வால்வு சரியாக மூடுகிறதா என்று தெரிய, வெளிக்குழாய் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டுப் போனார். காலையில் பை காய்ந்தே இருந்தது.

மொத்தம் 90 பவுண்டு. கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதற்கான கேஸ் சேஃப் அட்டையைக் கேட்காமலேயே காட்டினார். யார் வந்தாலும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள், என்னென்ன வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதம், அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன். மூன்று வாரமாக முள் 1.3-லேயே நிற்கிறது. போனை எடுக்காவிட்டால் முள்ளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், சாயங்காலம் அவரே கூப்பிடுவார்.