கயோட்டி லைட்டும் கந்தப்பளைப் பன்றியும்

துவக்கில்லாதவன் கைக்கு வந்து சேர்ந்த துவக்கு லைட் இது. டெக்சாஸில் இருக்கும் மச்சான் நுவரெலியாப் பக்கம் எங்கள் ஊரான கந்தப்பளைக்கு வந்தபோது, "பன்றிக்குக் காவல் இருக்கிறாய்தானே, வைத்துக்கொள்" என்று தந்துவிட்டுப் போனான். அங்கே இரவில் கயோட்டி சுடுபவர்கள் ரைஃபிளில் பூட்டுகிற கிட். கயோட்டி எங்கள் நரிக்குச் சொந்தம், உடம்பில் கொஞ்சம் பெரிது. டெக்சாஸில் அதைச் சுட வருடம் முழுக்கத் தடையில்லை. இந்தச் சாமான் விற்பதே அங்கே தனி வியாபாரமாம்.

பெட்டிக்குள் இருப்பவை: கைக்குள் அடங்கும் அலுமினிய டோர்ச், வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மாற்றி மாட்டும் மூன்று எல்ஈடி, துவக்கில் இறுக்கும் வளையம், சுருள் வயரில் அழுத்து சுவிட்ச், இரண்டு பெட்டரி, சார்ஜர்.

முதலில் விளங்கவேண்டியது, வேட்டைக்காரனுக்கு வேண்டியதும் காவல்காரனுக்கு வேண்டியதும் நேரெதிர் என்பது. மிருகம் தன்னைக் கவனிக்கக் கூடாது என்பது அவன் கவலை. என் லீக்ஸ் பாத்தியில் மூக்கை வைக்கிற பன்றி என்னைக் கவனித்து ஓடவேண்டும் என்பது என் கவலை. அதனால் பெட்டியில் பெரிதாகப் புகழ்ந்திருக்கும் சிவப்பு விளக்கு விரட்டுவதற்கு ஒன்றுக்கும் ஆகாது. நாய், நரி, பன்றி எதன் கண்ணுக்கும் சிவப்பு சரியாகப் பிடிபடாது. சிவப்பை அடித்தால் பன்றி பாட்டுக்குக் கிழங்கு கிண்டிக்கொண்டிருக்கும். வெள்ளையை முகத்தில் அடித்தால்தான் குடும்பத்தோடு வடிகான் பக்கம் பாயும். அதுவும் சில கிழமைக்குத்தான், பிறகு பழகிவிடும். தகரம் தட்ட ஒரு ஆள் கூடவே வேண்டும்.

ஆனாலும் சிவப்பை நான் கழற்றிப் போடவில்லை. கயோட்டி வேட்டையில் முதலில் தேடுவது கண் மினுக்கத்தைத்தான். நாய், நரி, மான், மரை, சிறுத்தை எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது, மனிதனுக்கும் கிடையாது. ஆகவே இரண்டு கண் பளிச்சென்று எரிந்தால் அது பன்றியில்லை. தேயிலை ஓரத்தில் அப்படி எரிந்தால் நான் பாத்திக்கு இறங்கமாட்டேன். கண் எரியாமல் கறுப்பாக ஏதாவது அசைந்தால் பன்றி, இல்லாவிட்டால் தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துக் காணிக்காரர். சத்தம் போடுமுன் அதைத் தெரிந்துகொள்ள சிவப்பு போதும், என் கண்ணும் இருட்டை மறக்காது. இதே காரணத்தால்தான் துவக்கு லைட்டால் தேடக்கூடாது என்று அமெரிக்காவிலும் சொல்கிறார்கள். லைட் திரும்புகிற பக்கமெல்லாம் குழலும் திரும்பும். தேடுவதற்குத் தலையில் தனி லைட், துவக்கு லைட் கடைசியில். டியூப் ரப்பரால் துவக்கில் டோர்ச்சைச் சுற்றிக் கட்டுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் காதில் இது விழட்டும்.

பச்சை தூரம் போகிறது, சந்தேகமில்லை. ஆனால் எங்கள் பனி இறங்கினால் மூன்று நிறமும் ஒன்றுதான். சிவப்பு பனியைத் துளைக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது வெறும் கதை. பனித்துளி ஒளியலையை விட எத்தனையோ மடங்கு பெரிது, நிறம் பார்த்து வழிவிடாது. டோர்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்தால் கொஞ்சம் தெரியும். தலையில் கட்டினால் கண்முன்னே வெள்ளைச் சுவர்தான்.

பெட்டரி விஷயத்தில் கவனம். இது 18650 ரகம்: 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று வைத்தது இன்னும் சில மில்லிமீற்றர் நீளும், சில டோர்ச்சுக்குள் போகாது. டவுனில் 9,900 மில்லிஅம்பியர் மணி (பெட்டரி கொள்ளும் மின்னின் அளவு) என்று அச்சடித்து விற்கிறார்கள். இந்த அளவில் நல்ல கம்பனி செல்லே 3,500 சொச்சம்தான் தரும். தராசில் போட்டுப் பாருங்கள், நல்லது 45 கிராமுக்கு மேலே நிற்கும், போலி காற்றாக இருக்கும். தை, மாசியில் புல்லில் உறைபனி பிடிக்கிற இரவுகளில் எந்த பெட்டரியும் சீக்கிரம் இறங்கும். உதிரி ஒன்றைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது நல்லது. சார்ஜர் 240 வோல்ட் வரை தாங்கும், முனைதான் நம் பிளக்கில் ஏறாது, அடாப்டர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால், தனி பெட்டரியைக் கைப்பையில் போடச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் விமானத்தில் விடமாட்டார்கள்.

அழுத்து சுவிட்ச் மழையில் ஒரு தடவை நனைந்ததோடு சரி. வளையத்தை லைசன்ஸ் துவக்கு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்டு வாங்கிப்போய், பன்னிரண்டாம் நம்பர் குழலில் நிற்கவில்லை என்று திருப்பித் தந்தார்.

காசு கொடுத்து முழுக் கிட்டும் வாங்கவேண்டாம். வெள்ளையும் சிவப்பும் உள்ள டோர்ச் ஒன்றும், நம்பிக்கையான செல் இரண்டும் போதும். இந்தச் செலவும் அதிகம், கம்பிச் சுருக்கு வைத்தால் முடிந்தது என்கிறவர்களுக்கு: 2020 மே மாதம் லக்சபானத் தோட்டத்தில் அப்படியொரு சுருக்கில் மாட்டிச் செத்தது பன்றியில்லை, கருஞ்சிறுத்தை.