கைத்தூண்டிலா, ராடா, கழிமுகமா? ராமநாதபுரம் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு

ராமநாதபுரம் கரையில் துணைக்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு தூண்டில் போட இன்றைக்கு மூன்று வழி இருக்கிறது. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் நாட்டுப்படகுக்காரர் ஒருவரைப் பேசிவைத்து அவருடைய கைத்தூண்டிலிலேயே பிடிப்பது ஒன்று. ராடு (தூண்டில் கம்பு), ரீல், லூர் (செயற்கை இரை) எல்லாம் வைத்திருக்கும் கைடு மூலமாக ஃபைபர் படகு ஏறுவது இன்னொன்று. படகே வேண்டாம் என்று கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீசுவது மூன்றாவது. இதில் எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது எந்த மாதம் வருகிறீர்கள் என்றுதான், ஏனென்றால் இந்தக் கரையில் பாதி முடிவைக் காற்று எடுத்துவிடும், மீதிக்குத்தான் நம் ஆசையும் காசும்.

வெளியூர்க்காரர்கள் இங்கே ஒரே கடல் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ராமேஸ்வரம் தீவுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர் வழக்கில் வடகடல், தென்கடல். வடகடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறும் மணலும் கடல் தாழை என்கிற கடற்புல்லும்தான். தென்கடலில் பவளப்பாறை, மீனவர்கள் பார் என்று சொல்லும் கல்திட்டுகள், அப்புறம் சட்டென்று இறங்கும் ஆழம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கலங்கிக் கிடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் அப்படியே தலைகீழ்: தென்கடல் துள்ளும், வடகடலில் படகு நிதானமாக நிற்கும், அதிலும் ஆடி மாதம் தனுஷ்கோடி சாலையில் மணல் முகத்தில் அறையும்போது தென்கடல் பக்கம் ட்ரிப் போட்டுத்தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் ஓரளவு சொன்னபடி கேட்கும். ஆக, இரண்டு கடலிலும் படகு எடுக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் என் முதல் மதிப்பெண், அவரிடம் ராடு இருக்கிறதா என்பது பிறகு.

கைத்தூண்டிலை எடுத்துக்கொள்வோம். ஆடம்பரம் எதுவும் கிடையாது. ஒரு கட்டையிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ சுற்றிய தங்கூசி (நைலான் நரம்பு), ஈயம், இரண்டு மூன்று முள், இரைக்குக் கணவாயோ சூடையோ இறாலோ. கணவாயை நீளவாக்கில் விரல் அகலத்துக்கு அறுத்து, முள்ளில் ஒரு தரம் குத்தித் திருப்பி இன்னொரு தரம் குத்துவார்கள், வால் மட்டும் தொங்கி ஆடும். அறுக்கிற கத்தி பழைய ரம்பத் தகட்டில் செய்ததாக இருக்கும், அதைக் கேட்டு வாங்கி நாமும் அறுத்துப் பார்த்தால்தான் கணவாய்த் தோல் எவ்வளவு வழுக்கும் என்று தெரியும். ஆட்காட்டி விரலில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று மாட்டிக்கொள்ளக் கொடுப்பார்கள், வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம், விளைமீன் ஒன்று இழுத்துக்கொண்டு கீழே பாய்ந்தால் தங்கூசி விரலை அறுத்துவிடும். பாரின் மேல் படகை நிறுத்துவதுதான் இதில் வித்தை. கரையில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே நேரில் கொண்டுவந்து, இன்னொரு பக்கம் வேறொரு அடையாளத்தைச் சேர்த்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போடுகிற ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். இளையவர்கள் ஜிபிஎஸ் வைத்திருக்கிறார்கள், அதுவும் சரிதான்.

"அண்ணே, கொத்தும்போது இழுக்காதீக, அது கவ்விக்கிட்டு நகரட்டும், அப்புறம் சுண்டுங்க" என்பதுதான் அனேகமாக முழுப் பாடமும். ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும். வருவது விளைமீன், கலவா, சங்கரா, சில நேரம் பாறை மீன். மதியம் குழம்புக்கு ஆகும். குறை என்னவென்றால் நிழல் இருக்காது, கழிப்பறை இருக்காது, லைஃப் ஜாக்கெட் நாம் கேட்டால்தான் வெளியே வரும், இல்லையென்றால் பலகைக்கு அடியில் வலையோடு வலையாகக் கிடக்கும். படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்காட்டச் சொல்லுங்கள், கொக்கி துருப்பிடித்திருந்தால் அந்தப் படகு வேண்டாம்.

ராடு கைடுகள் விஷயம் வேறு மாதிரி. இவர்களில் பாதிப் பேர் உள்ளூர் மீனவர் வீட்டுப் பையன்கள், யூடியூப் பார்த்துக் கற்று, துபாயிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்த ரீலில் தொடங்கி, இன்றைக்கு நல்ல பிரெய்டு, லீடர் என்ற நூல் வகைகள், பாப்பர், ஜிக் என்ற லூர் வகைகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். மீதிப் பேர் நகரத்தில் இருந்துகொண்டு ஆன்லைனில் முன்பதிவு வாங்கி, இங்கே ஒரு படகுக்காரரிடம் கைமாற்றிவிடுகிறவர்கள். இந்த இரண்டாவது வகையில் நாம் பேசியது ஒருவரிடம், கடலில் கூட வருவது இன்னொருவர். போன் பண்ணும்போதே "படகில் யார் வருவார், அவர் பெயர் என்ன, எந்தத் துறையிலிருந்து கிளம்புவோம்" என்று கேட்டால் பத்து நிமிஷத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும். இன்ஸ்டாகிராமில் அவர்கள் காட்டும் ராட்சசப் பாறை மீன் அந்தமானில் பிடித்ததாகக்கூட இருக்கலாம், பின்னால் தெரியும் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள், பாக் நீரிணை அவ்வளவு நீலம் இல்லை.

ஆனால் சரியான கைடு கிடைத்துவிட்டால் கைத்தூண்டில் தராத ஒன்று இதில் உண்டு. விடியற்காலையில் சூடைக் கூட்டம் மேலே கொப்பளிக்கும், கீழேயிருந்து ஊளியும் பாறையும் அடித்துக்கொண்டிருக்கும், அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் லூரை வீசி இழுக்கும்போது தண்ணீர் பிளந்து ஒன்று பாய்கிறது பாருங்கள், அதற்காகத்தான் ஆட்கள் சென்னையிலிருந்து இரவு முழுக்க வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். மீன் எண்ணிக்கையில் கைத்தூண்டிலை மிஞ்சாது. அரை நாள் வீசிவிட்டு ஒன்றும் இல்லாமல் திரும்புவது சாதாரணம், இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற கைடை நம்பலாம். கடல் தாழை உள்ள இடத்தில் மூழ்கி ஓடும் லூரைக் கட்டிக்கொடுத்து, ஒவ்வொரு வீச்சுக்கும் புல்லைப் பிடுங்கவைக்கிற கைடும் உண்டு. அந்த இடத்துக்கு மேலே மிதக்கும் லூர் வேண்டும் என்பதுகூடத் தெரியாதவரிடம் மற்றதைக் கேட்க வேண்டியதில்லை. பல லூரில் மூன்று முனை முள் இரண்டு இருக்கும், படகில் நாலு பேர் நெருங்கி நின்று வீசினால் மீனுக்கு முன்னால் பக்கத்திலிருப்பவர் காது மாட்டும். இரண்டு பேருக்கு மேல் ஒரு படகில் வீசக்கூடாது என்பது என் கணக்கு.

புதுப் பாம்பன் தூக்குப்பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து எல்லோருக்கும் பின்னணியில் பாலம் தெரிய மீனோடு ஒரு படம் வேண்டும். தள்ளி நின்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கடலும் முட்டிக்கொள்ளும் கால்வாய் அது, நீரோட்டம் படகைத் தூணில் கொண்டுபோய்ச் சாத்திவிடும்.

இனி கழிமுகம். எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் கூடப் பேசுவேன். வைகை நேராகக் கடலுக்கு வருவதில்லை, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் நிறைகிறது, நிறைந்து மிஞ்சுவதுதான் அழகன்குளம் தாண்டி ஆற்றங்கரை ஊர்ப் பக்கம் வடகடலில் சேரும். மழை பெய்து உபரித் தண்ணீர் வருகிற வருஷம் முகத்துவாரம் உடைத்துக்கொள்ளும், உப்பும் நல்லதண்ணீரும் கலக்கும், கொடுவா மீன் உள்ளே ஏறும். மழை பொய்த்த வருஷம் மணல் மூடிவிடும், உள்ளே தேங்கியது காய்ந்து உப்புக் கூடிவிடும், அப்போது அங்கே கூட்டிப்போகிற கைடு உங்களை வெயிலில் நிறுத்தப்போகிறார் என்று அர்த்தம். தெற்கே குண்டாறு சேரும் மூக்கையூர்ப் பக்கமும், அரசு உப்பளம் உள்ள வாலிநோக்கத்து உப்பங்கழியும் இதே கதைதான், மழையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டர்கூட இருக்காது, அதனால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அந்தக் கொஞ்ச வற்றம்தான் கழிமுகத்தில் எல்லாமே. தண்ணீர் வற்றத் தொடங்கும்போது உள்ளே மேய்ந்துகொண்டிருந்த இறாலும் மடவைக் குஞ்சும் குறுகிய வாய் வழியாக வெளியே இழுபடும், கொடுவா அந்த வாயில் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இழுப்பு நன்றாக இருக்கும், அட்டமி பக்கம் தண்ணீர் செத்துக் கிடக்கும். கைடு முதலில் வீச்சுவலை போட்டு விரல் நீள மடவை நாலைந்து பிடித்து வாளியில் உயிரோடு வைப்பார். மேல் உதட்டில் மட்டும் முள்ளைக் கோத்து விடுவார், அது நீந்திக்கொண்டே போகும். இருட்டும் நேரம் கொடுவா இரை எடுத்தால் "டொப்" என்று ஒரு சத்தம் கேட்கும், மூடியிருந்த பானையைத் திறந்த மாதிரி. அந்தச் சத்தம் கேட்ட இடத்திலிருந்து இரண்டு பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) நீரோட்டத்துக்கு மேல் பக்கம், நீரோட்டம் இழுத்துப்போகும்படி இரையைப் போட வேண்டும், சத்தத்தின் தலையிலேயே போட்டால் போய்விடும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டே போங்கள், திருக்கை படுத்திருந்தால் அதுவே விலகிவிடும். மிதித்தால்தான் வால் முள். செருப்பு சேற்றில் பிடுங்கிக்கொள்ளும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், ஆகவே கயிறு கட்டிய பழைய கேன்வாஸ் ஷூ. பிடிபடுவது கெளுத்தியோ ஓராவோ என்றால் கைடு கழற்றட்டும், இரண்டுக்கும் முள்ளில் விஷம்.

காரங்காட்டை இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கிறார்கள். அது வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுச் சுற்றுலா, படகும் கயாக்கும் உண்டு, அருமையான இடம். பார்க்கப் போகிற இடம், பிடிக்கப் போகிற இடம் இல்லை. ராடை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சட்டம் பற்றி மூன்று வழிக்கும் பொதுவாகச் சில விஷயம். தென்கடலில் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா, உள்ளே தூண்டிலும் போடக்கூடாது, அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது. "தீவுப் பக்கம் ரகசிய ஸ்பாட் இருக்கு" என்று ஆசை காட்டுகிறவர் மாட்டினால் நீங்களும் சேர்ந்துதான் மாட்டுவீர்கள். தனுஷ்கோடிக்கு வெளியே இலங்கை எல்லை கைக்கெட்டும் தூரம், ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், கரை கண்ணில் இருந்து மறையவிடாதீர்கள். மீன்பிடிப் படகு என்று பதிவான படகில் பயணிகளை ஏற்றலாமா என்பதைப் படகுக்காரரிடமே நேராகக் கேளுங்கள், மழுப்பினால் கழிமுகமே மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். அந்த நாட்களில் விசைப்படகின் இழுவைமடி வலை இல்லாத வடகடல், கச்சானுக்கும் மறைவு, ராடுக்காரர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. மற்ற மாதங்களில் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடு உண்டு, நாட்டுப்படகு நாளாகப் பார்த்துப் பேசுங்கள்.

காசு விஷயத்தில் தொகையைவிட அதில் என்ன அடக்கம் என்பதுதான் சண்டைக்கு வழி. கைத்தூண்டில்காரர் பொதுவாகப் படகுக்கு ஒரு விலை சொல்வார், எண்ணெய், இரை, ஐஸ் தனியா சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள். கைடு தலைக்கு ஒரு விலை சொல்வார், அறுந்துபோன லூருக்கு யார் பணம் என்பதைக் கரையிலேயே பேசிவிட வேண்டும், பாரில் மாட்டினால் லூர் திரும்பி வராது, நல்ல லூர் ஒன்றின் விலையில் வீட்டுக்கு ஒரு வாரம் மீன் வாங்கலாம். பிடித்த மீன் யாருக்கு என்பது இன்னொன்று. நாட்டுப்படகில் குழம்புக்கு உங்களுக்கு, பெரியது வந்தால் பாதிக்குப் பாதி என்பது போலப் பேசிக்கொள்ளலாம். அவருக்கும் அன்றைக்கு ஏலத்துக்குப் போக வேண்டிய நாள் போயிருக்கிறது. ராடு கைடுகளில் சிலர் மீனைத் திருப்பி விடச் சொல்வார்கள், வீட்டில் பாத்திரத்தோடு காத்திருக்கிறார்கள் என்றால் அவர்களோடு போகாதீர்கள்.

முதல் தடவை வருகிறவர், மீன் கையில் தட்டுப்பட வேண்டும் என்றால் கைத்தூண்டில்தான், யோசிக்கவே வேண்டாம். சொந்த ராடு உள்ளவர், வெறுங்கையோடு திரும்பினாலும் சிரிக்கத் தெரிந்தவர், தடைக்காலத்தில் வடகடலுக்கு கைடு வைத்துக்கொள்ளலாம். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத்துறை எச்சரிக்கை விட்டிருக்கிற நாளில் படகு இரண்டையும் மறந்துவிடுங்கள். மழை கண்ட வருஷமாக இருந்து காற்றும் அடங்கியபிறகு கழிமுகம் போகலாம். சின்னப் பிள்ளைகளோடு வந்தால் மூன்றுமே வேண்டாம், அரியமான் கரையில் அலை இல்லாத காலையில் சின்ன முள், சுண்டைக்காய் அளவு இறால் துண்டு, அரை மணி நேரத்தில் ஒரு கிழங்கானைப் பிள்ளைகளே இழுத்துவிடும், அதற்குக் கைடு தேவையில்லை.