மென்றுகொண்டே இருந்த வாய்: பழைய மாத்திரையா, புதிய மாத்திரையா?

வெற்றிலை போடாத பெரியம்மா ஓயாமல் எதையோ மென்றுகொண்டிருந்தார். பல்செட் சரியாகப் பொருந்தவில்லை என்றே ஓராண்டு நினைத்தோம். 57 வயதில் மனநோய்க்காக ஹாலோபெரிடால் தொடங்கியவர் அவர். நெடுநாள் மருந்தால் வாயும் நாக்கும் தாமாக அசையும் இந்தக் கோளாறுக்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர். "பழைய மருந்தைக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்று சித்தப்பா இன்றும் பொருமுகிறார். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை.

ஹாலோபெரிடால் 1958இல் உருவானது. மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான டோபமினை வாங்கும் ஏற்பிகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இளவயதினரில் ஆண்டுக்கு 100 பேரில் 5 பேருக்கு இந்த அசைவு வருகிறது. ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற புதியவற்றில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் என்று 2004இல் கணக்கிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் ஒப்பிடுவதற்கு ஹாலோபெரிடாலை அதிக அளவில் கொடுத்திருந்தார்கள். போட்டி அவ்வளவு நேர்மையானதல்ல. ரிஸ்பெரிடோனும் அளவு கூடினால் பழைய மருந்தின் குணத்தைக் காட்டும்.

வயதைச் சேர்த்தால் கணக்கே மாறுகிறது. 55ஐத் தாண்டியவருக்குப் பழைய மருந்து தொடங்கினால் முதல் ஆண்டிலேயே 100க்கு 25 பேர் வரை. புதியது என்றால் 5. அதாவது, புதிய மாத்திரை சாப்பிடும் முதியவரும் பழைய மாத்திரை சாப்பிடும் இளைஞரும் ஏறத்தாழ ஒரே தராசில் நிற்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்கள், மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், தொடக்கத்திலேயே கை நடுங்கியவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து கூடுதல். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் இந்த வாயசைவைக் கூட்டிவிடவும் செய்யும்.

ஒலான்சபின் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். சர்க்கரை நோயும் இதே அசைவுக்கு ஆபத்துக் காரணி என்பது வேடிக்கை. குளோசபின் என்ற இன்னொரு புதிய வகை மருந்தில் அசைவு மிகக் குறைவு, ஆனால் வெள்ளணு வீழ்ச்சிக்கு அஞ்சி முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். முதியவருக்கு நான் கேட்பது புதியதில் குறைந்த அளவு. இருப்பதைத் தாமாக நிறுத்துவது கூடாது. அசைவும் மிகும், நோயும் திரும்பும்.

இதைக் கண்டறிய 1976 முதல் ஓர் எளிய சோதனை இருக்கிறது. 10 நிமிடம் போதும். நாக்கை நீட்டச் சொல்வார்கள், விரல்களைக் கட்டைவிரலில் தட்டச் சொல்வார்கள். பெரியம்மாவிடம் மருத்துவர் முதலில் கேட்டது: "வாயில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா அம்மா?" அடுத்தது, பல்செட்டைப் பற்றி.