லீக் நடத்துபவரோடு டிரேடு பேசும் முன் இதைப் படியுங்கள்

பாண்டி, கடலூர் பக்கம் கம்ப்யூட்டரில் அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் (நாம் அணியை நிர்வகிக்க, ஆட்டங்களைக் கம்ப்யூட்டரே ஆடி முடிக்கும் விளையாட்டு) ஆடுகிற நண்பர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் லீகின் கமிஷனர், அதாவது லீகை நடத்துபவர், காயம்பட்ட ஒரு பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, காயத்தை மறைத்து டிரேடில் (அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதில்) என் தலையில் கட்டிவிட்டார். அவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்த லீகுகள் நடக்கும் விதம் தெரிந்தவர்களுக்கு ஏமாற்று எங்கே நுழைந்தது என்பது உடனே புரியும். ஆட்டத்தை ஓட்டுவது ஒருவருடைய கம்ப்யூட்டர்தான். ஒரு வார ஆட்டங்களை ஓட்டி முடித்ததும் லீக் ஃபைலை ஏற்றுவார். மற்றவர்கள் அதை இறக்கி, அணியைச் சரிசெய்து திருப்பி அனுப்புவோம். ஓட்டி முடித்ததற்கும் ஃபைலை ஏற்றுவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் யார் ஜெயித்தார், யாருக்கு அடிபட்டது என்பதெல்லாம் அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கமிஷனருக்கு அதே லீகில் சொந்த அணியும் இருந்தது. ஆளுக்கு 1,000 ரூபாய் ஜிபே செய்திருந்தோம், ஜெயிப்பவருக்குப் பரிசு.

என் கையில் இருந்த ஃபைலில் தேதி ஜூன் 9. அன்று இரவு அவரே போன் செய்தார். "அண்ணே, உங்க டீம்ல பிட்சிங் மட்டும்தான் குறை. என் ஏஸை எடுத்துக்கங்க, அந்தச் சின்னப் பையன் ஷார்ட்ஸ்டாப்பையும் முதல் ரவுண்டு பிக்கையும் குடுத்துடுங்க. நாளைக்கு ஃபைல் ஏத்தணும், இப்பவே சொல்லுங்க." ஏஸ் என்றால் அணியின் முதன்மைப் பிட்சர், ஷார்ட்ஸ்டாப் என்றால் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர், முதல் ரவுண்டு பிக் என்றால் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. நான் எண்களைப் பார்க்காமல் தலையாட்டவில்லை. ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் தன் பொறுப்பில் கொடுக்கும் ரன்களின் சராசரி) நன்றாக இருந்தால் போதாது, பின்னால் நிற்கும் ஃபீல்டர்கள் காப்பாற்றியிருக்கலாம். அதனால் ஃபீல்டர்களுக்கு வேலையில்லாத ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம்ரன் இவற்றை வைத்துக் கணக்கிடும் எஃப்ஐபியைப் பார்த்தேன், அது ஈஆர்ஏவை ஒட்டியே இருந்தது. களத்துக்குள் அடிக்கப்படும் பந்துகள் ஹிட் ஆகும் விகிதம் வழக்கமான .300-க்கு வெகு கீழே இருந்தால் அதிர்ஷ்டம் என்று சந்தேகப்பட வேண்டும், அதுவும் சாதாரணமாகத்தான் இருந்தது. வயது, சம்பளம், ஒப்பந்தத்தில் மீதி ஆண்டுகள் எல்லாம் ஏற்கும்படி இருந்தன. என்னிடம் இருந்த தகவலுக்கு அது நியாயமான டிரேடு. சரி என்றேன்.

மறுநாள் ஃபைலை இறக்கினால் பிட்சர் காயப் பட்டியலில் கிடக்கிறான். முழங்கை நார் கிழிந்து, அறுவை சிகிச்சை, ஓராண்டுக்கு மேல் ஆட முடியாது. அவன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காயம் ஜூன் 13, டிரேடு ஜூன் 16. வாரத்தை முழுக்க ஓட்டிப் பார்த்து, அவன் கை போனது தெரிந்த பிறகுதான் எனக்குப் போன் போட்டிருக்கிறார். நான் சொன்ன சரியை வைத்து, ஏற்கெனவே ஓடி முடிந்த ஃபைலில் டிரேடைச் செருகியிருக்கிறார்.

கேட்டதற்கு, "பேஸ்பால்ல இதெல்லாம் சகஜம், 1964-ல கார்டினல்ஸ் செய்யலையா?" என்றார். அவர் சொன்னது அமெரிக்காவின் நிஜ பேஸ்பாலில் நடந்த டிரேடு. அந்த ஆண்டு சிகாகோ கப்ஸ் லூ ப்ராக்கை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, 1963-ல் 18 வெற்றி கண்ட எர்னி ப்ரோலியோவை வாங்கியது. ப்ரோலியோவுக்கு முழங்கை கெட்டு, கப்ஸுக்காக மொத்தம் 7 ஆட்டம்தான் ஜெயித்தார். ப்ராக் கார்டினல்ஸுக்குப் போய் அதே ஆண்டில் உலகத் தொடரை வென்றார், பிறகு ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார். ஆனால் அங்கே யாரும் அடுத்த வார ஆட்டத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு டிரேடு பேசவில்லையே!

உண்மையான ஒப்பீடு 2016. சான் டியேகோ பாட்ரெஸ் அனுப்பிய காலின் ரே, மயாமி மார்லின்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்கை வலியோடு வெளியேறினார். சில நாளில் அவர் பாட்ரெஸுக்கே திரும்ப, அந்த டிரேடில் பாட்ரெஸுக்குப் போயிருந்த லூயிஸ் காஸ்டியோ மயாமிக்குத் திரும்பினார். அதே ஆண்டு, பாஸ்டனுடன் செய்த வேறொரு டிரேடில் மருத்துவ விவரங்களை முழுதாகத் தராததற்காகப் பாட்ரெஸ் பொது மேலாளர் ஏ.ஜே. ப்ரெல்லருக்கு 30 நாள் சம்பளமில்லா இடைநீக்கம் கிடைத்தது. இதைச் சொல்லித்தான் ஷார்ட்ஸ்டாப்பைத் திருப்பிக் கேட்டேன். "டிரேடு ஃபைனல்ண்ணே" என்று குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார். கட்டிய பணமும் திரும்பவில்லை.

எனக்குப் பணத்தைவிட அந்தப் பையன்தான் வலிக்கிறது. டிராஃப்டில் எடுத்து, மைனர் லீகில் வைத்து வளர்த்த ஆட்டக்காரன்.

இப்போது அவர் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, இந்தப் பக்கம் மஞ்சக்குப்பம் வரை புதுச் சீசனுக்கு ஆள் சேர்க்கிறார். பணம் அனுப்பும் முன், ஆட்டத்தை ஓட்டுபவருக்கு அணி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அவருடைய டிரேடுகளுக்கு வேறொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். டிரேடு பேசும்போது, "உங்க ஃபைல்ல இன்னிக்கு என்ன தேதி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் மட்டும் பேசி எதையும் முடிக்காதீர்கள். என்னிடம் அந்தப் பிட்சர் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டுகள் இருக்கின்றன, அந்த லீகில் சேர யோசிப்பவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.